யார் காசில் பள்ளிக்கூடம்? அமெரிக்கக் கல்வி பற்றிய குறிப்புகள்

1647-இல் மாசசூசெட்ஸ் காலனி போட்ட சட்டம்: ஐம்பது குடும்பங்கள் உள்ள ஊர், பிள்ளைகளுக்கு எழுதப் படிக்கச் சொல்லித்தர ஓர் ஆளை அமர்த்த வேண்டும். நூறு குடும்பங்கள் சேர்ந்துவிட்டால் லத்தீன் கற்பிக்கும் பள்ளி ஒன்றைத் தொடங்க வேண்டும். தவறினால் அபராதம். வேதத்தைத் தானே படிக்கத் தெரியாதவனைச் சாத்தான் எளிதில் ஏமாற்றிவிடுவான் என்று, அங்கே குடியேறிய பியூரிட்டன் கிறித்தவர்கள் கொண்ட அச்சம்தான் இதற்குக் காரணம். அதே சட்டத்தில் சம்பளம் பற்றியும் ஒரு வரி உண்டு. ஆசிரியருக்குப் பிள்ளைகளைப் பெற்றவர்கள் கொடுக்கலாம். அல்லது ஊரார் எல்லோரும் சேர்ந்து கொடுக்கலாம். அமெரிக்கக் கல்வி வரலாற்றை எங்கே பிரித்தாலும் இந்த இரண்டு வழிகளுக்கும் இடையிலான இழுபறிதான் கண்ணில் படுகிறது. பாடத்திட்டம், தேர்வு, கற்பிக்கும் முறை என்று நடக்கும் சண்டைகள் எல்லாம் அதற்கு மேல்தளத்தில் நடப்பவை.

*

1785 நில ஒழுங்குச் சட்டம். மேற்கே அளந்த நிலத்தை ஆறு மைலுக்கு ஆறு மைல் சதுரங்களாக வெட்டினார்கள். ஒவ்வொரு சதுரமும் 36 துண்டுகள். அதில் 16-ஆம் எண் துண்டு பள்ளிக்கூடத்துக்கு. ஊர் உருவாவதற்கு முன்பே பள்ளிக்கு நிலம் ஒதுக்கிய நாடு. அந்த நிலம் பூர்வகுடிகளிடமிருந்து பறித்தது என்பதையும் சேர்த்தே எழுதிவைக்க வேண்டும்.

*

இந்தக் கதையில் சென்னை எழும்பூருக்கும் ஒரு பங்கு உண்டு.

ஆண்ட்ரூ பெல் ஸ்காட்லாந்துப் பாதிரியார். 1789-இல் எழும்பூரில் ஆண் அநாதைச் சிறுவர் இல்லத்தின் பொறுப்பை ஏற்றார். ஆங்கிலேயச் சிப்பாய்களின் பிள்ளைகளுக்கான இல்லம் அது. ஒருநாள் உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலைப் பரப்பி விரலால் எழுத்துப் பழகுவதைப் பார்த்தார். தன் இல்லத்திலும் அப்படியே செய்யச் சொன்னார். சம்பளத்துக்கு இருந்த ஆசிரியர் அது ஆகாத காரியம் என்றார். பெல் அந்த வகுப்பை ஜான் ஃப்ரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனிடம் ஒப்படைத்தார். பையன் செய்துகாட்டினான். மூத்த மாணவன் இளையவனுக்குச் சொல்லிக்கொடுப்பது, வகுப்பைக் கவனித்துக்கொள்வது எல்லாம் நம் திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளையின் அன்றாட வேலை. பெல் லண்டன் திரும்பி 1797-இல் இதைப் புத்தகமாக்கினார். இங்கிலாந்தில் இதற்கு 'மெட்ராஸ் முறை' என்றே பெயர் விழுந்தது. ஏறக்குறைய அதே முறையை லண்டனில் தன் பள்ளியில் நடத்திய ஜோசஃப் லங்காஸ்டருக்கும் பெல்லுக்கும், கண்டுபிடித்தது யார் என்று பெரிய தகராறு. எழும்பூர்த் தெருவில் மணலில் எழுதிய பிள்ளைகளின் பெயர் அந்தத் தகராறில் எங்கும் வரவில்லை.

1806-இல் நியூயார்க்கில் ஏழைப் பிள்ளைகளுக்காகத் திறந்த இலவசப் பள்ளி லங்காஸ்டர் முறையில்தான் நடந்தது. நகரத்தின் பெரிய மனிதர்களுக்கு அந்த முறை மிகவும் பிடித்துப்போனது. ஒரே ஆசிரியர், நூற்றுக்கணக்கான பிள்ளைகள், நடுவே சம்பளம் இல்லாத சட்டாம்பிள்ளைகள். செலவு குறைவு. லங்காஸ்டரே 1818-இல் அமெரிக்கா போனார்; 1838-இல் நியூயார்க் தெருவில் குதிரைவண்டி மோதி இறந்தார்.

திண்ணைப் பள்ளியைப் புகழ்வதற்காக இதை எழுதவில்லை. அந்தத் திண்ணையில் யார் ஏறலாம், யார் ஏறக் கூடாது என்பதற்குச் சாதிவிதிகள் இருந்தன. கவனிக்க வேண்டியது வேறு. ஒரு நல்ல யோசனை, சிக்கனம் என்ற காரணத்துக்காக ஏழைப் பிள்ளைகளுக்கென்று மட்டும் தேர்ந்தெடுக்கப்படுகிறது. அந்த நகரத்துப் பணக்காரர்கள் தங்கள் பிள்ளைகளை அங்கே அனுப்பவில்லை.

*

ஹோரஸ் மான். 1796-இல் மாசசூசெட்ஸின் ஃபிராங்க்ளினில், வசதியில்லாத விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். வழக்கறிஞர், மாநில செனட்டின் தலைவராகவும் இருந்தார். 1837-இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு மாநிலக் கல்வி வாரியத்தின் செயலாளர் வேலைக்கு வந்தார். அந்த வாரியத்துக்கு அதிகாரம் ஏதும் கிடையாது. தகவல் திரட்டலாம், அறிக்கை எழுதலாம், அவ்வளவுதான். மான் ஊர் ஊராகப் போய்ப் பள்ளிகளைப் பார்த்தார். பன்னிரண்டு ஆண்டுகள், பன்னிரண்டு அறிக்கைகள். பணக்காரர் பிள்ளையும் ஏழை பிள்ளையும் ஒரே கூரையின் கீழ் படிக்கும் பொதுப்பள்ளி என்ற கருத்தை அந்த அறிக்கைகளே நாடு முழுக்கக் கொண்டுசென்றன.

அவற்றில் இரண்டை அருகருகே வைத்துப் படிக்க வேண்டும்.

ஐந்தாவது அறிக்கையில் மான் ஆலை முதலாளிகளிடம் பேசுகிறார். படித்த தொழிலாளி அதிகம் உற்பத்தி செய்கிறான், ஆகவே பள்ளிக்குக் கொடுக்கும் பணம் லாபமாகத் திரும்பி வரும் என்று கணக்குக் காட்டுகிறார். பத்தாவது அறிக்கை முற்றிலும் வேறு. பிள்ளை இல்லாத நான் ஏன் பள்ளிவரி கட்ட வேண்டும் என்று கேட்கும் சொத்துக்காரனுக்கு அங்கே பதில் வருகிறது. உன் நிலத்தை நீ உண்டாக்கவில்லை; மண்ணும் மழையும் முன்னோரின் உழைப்பும் சேர்ந்து உன் கைக்கு வந்தது அது. நீ அதை வைத்திருப்பது அடுத்து வருபவர்களுக்காகத்தான். பிறந்த ஒவ்வொரு குழந்தைக்கும் அதில் தன் படிப்புக்கான பங்கு உண்டு. அதைக் கொடுக்காமல் வைத்துக்கொள்வது, பிறந்த குழந்தையின் உடைமையை எடுத்துக்கொள்வதாகும். மானின் வாதத்தை என் சொற்களில் சுருக்கியிருக்கிறேன்.

ஆக, ஒருவரே இரண்டு காரணங்களைத் தந்துவிட்டுப் போனார். ஒன்று லாபம், மற்றொன்று கடன். பத்தாவது அறிக்கையை அமெரிக்கக் கல்விச் சிந்தனையின் உச்சம் என்று நினைக்கிறேன். அந்த நாடு கெட்டியாகப் பிடித்துக்கொண்டது ஐந்தாவதை.

*

1839 ஜூலை 3, மாசசூசெட்ஸின் லெக்சிங்டன். ஆசிரியர் பயிற்சிக்கென்று முதல் அரசுப் பள்ளியை மான் திறந்துவைக்கிறார். சேர வந்தவர்கள் மூன்று பெண்கள்.

அதே காலத்தில் கல்வியாளர் கேதரின் பீச்சர் பெண்களை ஆசிரியப் பணிக்கு அனுப்பப் பாடுபட்டார். பெண்கள் குறைந்த சம்பளத்துக்கு வருவார்கள் என்பதையும் அவர் ஒரு வாதமாகவே முன்வைத்தார். அந்த நூற்றாண்டின் இறுதிக்குள் அமெரிக்க ஆசிரியர்களில் பெரும்பான்மையோர் பெண்கள். பொதுப்பள்ளி அவ்வளவு வேகமாகப் பரவியதன் செலவில் ஒரு பகுதியை அவர்கள் தங்கள் சம்பளக் குறைவால் கட்டினார்கள்.

*

மானின் மௌனம் ஒன்றும் உண்டு. பாஸ்டனில் சாரா ராபர்ட்ஸ் என்ற ஐந்து வயதுக் கறுப்பினச் சிறுமி, தன் வீட்டுக்கு அருகிலிருந்த வெள்ளையர் பள்ளிகளைக் கடந்து, கறுப்பினத்தவருக்கான பள்ளிக்கு நடந்து போக வேண்டியிருந்தது. வழியில் அப்படி ஐந்து பள்ளிகள். தந்தை பெஞ்சமின் ராபர்ட்ஸ் வழக்குப் போட்டார். சார்ல்ஸ் சம்னரும் கறுப்பின வழக்கறிஞர் ராபர்ட் மோரிஸும் வாதாடினார்கள். 1850-இல் தலைமை நீதிபதி லெமுவேல் ஷா தள்ளுபடி செய்தார். 1855-இல் மாநிலமே சட்டம் போட்டு அந்தப் பிரிவினையை ஒழித்தது. ஆனாலும் ஷாவின் தீர்ப்பு ஏட்டில் உயிரோடு இருந்தது. 1896-இல் பிளெஸ்ஸி வழக்கில் இனப் பிரிவினையை அனுமதித்த உச்ச நீதிமன்றம் அதையே மேற்கோளாக எடுத்துக்கொண்டது. மான் செயலாளராக இருந்த காலத்தில் இந்தப் பிரச்சினையைத் தொடவில்லை. பொதுப்பள்ளிக்குக் கிடைத்த ஆதரவு கலைந்துவிடும் என்று அஞ்சியிருக்கலாம். அடிமை ஒழிப்புப் போராளி வெண்டல் ஃபிலிப்ஸ் அவரைக் கடுமையாகச் சாடினார், சாடியது சரி.

*

சிகாகோ, 1900. கொடுப்பதாகச் சொன்ன சம்பள உயர்வை, பணமில்லை என்று கல்வி வாரியம் நிறுத்துகிறது. கசாப்புத் தொழுவங்கள் இருந்த பகுதியில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன ஆரம்பப்பள்ளி ஆசிரியை மார்கரெட் ஹேலி. ஏன் பணமில்லை என்று கேட்டார். கேட்டதோடு நிற்காமல், தோழி கேதரின் காகினோடு சேர்ந்து வரிப் பதிவேடுகளைப் புரட்டினார். டிராம், எரிவாயு, மின்சார, தொலைபேசி நிறுவனங்கள் நகரத் தெருக்களைப் பயன்படுத்தப் பெற்ற உரிமங்கள் பெரும் மதிப்புள்ளவை. அவற்றுக்கு வரியே போடப்படவில்லை. ஆசிரியைகளின் சங்கம் நீதிமன்றம் போனது. 1901-இல் இல்லினாய் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. வசூலான பணத்தைக் கல்வி வாரியம் வேறு செலவுகளுக்குத் திருப்பியது. மறுபடி வழக்கு, மறுபடி வெற்றி.

அப்போது அந்தப் பெண்களுக்கு மேயரையோ அதிபரையோ தேர்ந்தெடுக்க வாக்குரிமை கிடையாது.

அமெரிக்கக் கல்விச் சீர்திருத்தவாதிகள் என்று பட்டியல் போடுபவர்கள் ஹேலிக்கு ஒரு பத்தி ஒதுக்கினால் அதிகம். எனக்கு அவர் மானின் நேரடி வாரிசு. பத்தாவது அறிக்கையில் எழுதியிருந்த கடனை அவர் வசூல் செய்தார்.

*

தத்துவவாதி ஜான் டூவி 1896 ஜனவரியில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனைப் பள்ளி தொடங்கினார். முதலில் 16 பிள்ளைகள். அங்கே சமைப்பார்கள், நெய்வார்கள், தச்சுவேலை செய்வார்கள். கம்பளி நூற்பதிலிருந்து வரலாறும் அறிவியலும் பிறக்கும். பள்ளிக்கு மேசை வாங்க டூவி கடைகடையாக ஏறி இறங்கிய கதையை அவரே எழுதியிருக்கிறார். எதுவும் சரிப்படவில்லை. கடைசியில் ஒரு கடைக்காரர் சரியாகப் பிடித்துவிட்டார்: நீங்கள் கேட்பது பிள்ளைகள் வேலை செய்யும் மேசை, இங்கே இருப்பதெல்லாம் உட்கார்ந்து கேட்பதற்கானவை. ஒரு நாட்டின் கல்வித் தத்துவம் முழுவதையும் அதன் மரச்சாமான் கடையிலேயே பார்க்க முடிகிறது.

டூவியைச் செயல்வழிக் கற்றலின் தந்தை என்று மட்டும் ஆசிரியர் பயிற்சியில் சொல்லி முடித்துவிடுகிறார்கள். அது அவரைப் பாதியாக வெட்டுவது. ஜனநாயகம் என்பது வாக்குப் பெட்டியோடு முடிவதில்லை, மனிதர்கள் அனுபவங்களைப் பகிர்ந்து சேர்ந்து வாழும் முறை அது. வெவ்வேறு குழுக்களுக்கிடையே சுவர் எழுந்தால் அந்த வாழ்க்கை செத்துவிடும் என்பதுதான் 1916-இல் வந்த 'ஜனநாயகமும் கல்வியும்' நூலின் மையம். அந்த ஆண்டுகளில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த அம்பேத்கர் இதை எப்படிக் கேட்டிருப்பார் என்று யோசிக்கிறேன். 1936-இல் சாதி ஒழிப்பு பற்றிய தன் உரையில் டூவியைத் தன் ஆசிரியர் என்று நன்றியோடு குறிப்பிடுகிறார்.

1913 வாக்கில் இல்லினாயில் ஒரு மசோதா. தொழிற்கல்விக்குத் தனி வாரியம், தனிப் பள்ளி. தொழிலாளி வீட்டுப் பிள்ளை பதினான்கு வயதிலேயே அந்தப் பக்கம் பிரிந்துவிடுவான். வணிகர்கள் ஆதரித்தார்கள். கையால் வேலை செய்வதன் அருமையை அமெரிக்காவுக்கே எடுத்துச்சொன்ன டூவி அதை எதிர்த்தார். வேலையின் வழியாகக் கற்பது வேறு, பிள்ளையை ஒரு வேலைக்கென்று ஒதுக்குவது வேறு. மசோதா தோற்றது. ஆனால் அவருடைய சோதனைப் பள்ளி போன்ற பள்ளிகள் பெரும்பாலும் கட்டணம் கட்ட முடிந்தவர்களின் பிள்ளைகளுக்கே கிடைத்தன. இது எனக்கு ஆறாத வருத்தம்.

*

உளவியலாளர் கார்ல் பிரிகம். 1923-இல், வட ஐரோப்பியரே அறிவில் உயர்ந்தவர்கள் என்று ராணுவத் தேர்வு மதிப்பெண்களை வைத்து நிறுவ முயன்று புத்தகம் எழுதியவர். 1926-இல் முதல் எஸ்.ஏ.டி. கல்லூரி நுழைவுத் தேர்வை வடிவமைத்தவரும் இவரே. 1930-இல் தன் இன ஒப்பீடு அடித்தளமே இல்லாதது என்று தானே எழுதி மறுத்தார். தேர்வு நிலைத்துவிட்டது.

*

வர்ஜீனியாவின் பிரின்ஸ் எட்வர்ட் கவுன்ட்டி. இதை எத்தனை முறை படித்தாலும் கைநடுங்கித்தான் குறிப்பெடுக்கிறேன்.

ஃபார்ம்வில் ஊரில் கறுப்பினப் பிள்ளைகளுக்கான மோட்டன் உயர்நிலைப் பள்ளி 180 பேருக்காகக் கட்டப்பட்டது. 1951-இல் அங்கே 450 பேர். கூடுதல் வகுப்புகளுக்கு, தார் பூசிய காகிதம் போர்த்திய கொட்டகைகளைப் போட்டுக்கொடுத்தது நிர்வாகம். மழை பெய்தால் ஒழுகும். குளிர்காலத்தில் அடுப்புக்கு அருகே இருப்பவன் வேகுவான், தள்ளி இருப்பவன் நடுங்குவான். பெரியவர்கள் மனுக் கொடுத்துக் கொடுத்து ஓய்ந்திருந்தார்கள்.

பார்பரா ஜான்ஸுக்கு வயது 16. 1951 ஏப்ரல் 23-ஆம் தேதி, தொலைபேசியில் ஒரு பொய்ச் செய்தி சொல்லித் தலைமையாசிரியரை வெளியே அனுப்பினார்கள் மாணவர்கள். எல்லோரும் அரங்கத்துக்கு வரவும் என்று வகுப்புகளுக்குத் துண்டுச்சீட்டுப் போனது. திரை விலகியபோது மேடையில் நின்றது பார்பரா. ஆசிரியர்களை வெளியே போகச் சொன்னாள். பேசினாள். பள்ளி முழுக்க வெளிநடப்புச் செய்தது. அவர்கள் முதலில் கேட்டது நல்ல கட்டடம். வந்த வழக்கறிஞர்கள் ஆலிவர் ஹில்லும் ஸ்பாட்ஸ்வுட் ராபின்சனும், பிரிவினையையே எதிர்ப்பதென்றால் வழக்கை எடுக்கிறோம் என்றார்கள். பிள்ளைகள் சம்மதித்தார்கள். பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று 1954-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிரவுன் வழக்கில் அடங்கிய ஐந்து வழக்குகளில், மாணவர்களே தொடங்கிவைத்தது இது ஒன்றுதான்.

பிறகு நடந்ததைக் கவனிக்க வேண்டும். சேர்த்துப் படிக்கவைத்தே தீர வேண்டும் என்ற உத்தரவு 1959-இல் வந்ததும், கவுன்ட்டி நிர்வாகம் பள்ளிகளுக்குப் பணம் ஒதுக்க மறுத்தது. பள்ளிவரி இல்லை, ஆகவே பள்ளி இல்லை. பொதுப்பள்ளிகள் அத்தனைக்கும் பூட்டு. வெள்ளையர் பிள்ளைகளுக்கு ஒரு தனியார் பள்ளி உடனே எழுந்தது; கட்டண உதவியும் வரிச்சலுகையும் பின்னால் நின்றன. சுமார் 1,700 கறுப்பினப் பிள்ளைகள் தெருவில். சிலரை வேறு ஊர் உறவினர் வீட்டுக்கு அனுப்பினார்கள். தேவாலய நிலவறைகளில் சிலருக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். பலருக்கு எதுவும் இல்லை. 1964-இல் உச்ச நீதிமன்றம் தலையிட்டுத் திறக்கவைக்கும் வரை ஐந்து ஆண்டுகள். ஆறு வயதில் சேர வேண்டிய பிள்ளை பதினொன்றில் முதல் எழுத்தைப் பார்க்கிறான்.

பள்ளிக் கட்டணத்துக்கு அரசு வவுச்சர் கொடுக்கட்டும், பெற்றோர் விரும்பிய பள்ளியைத் தேர்ந்தெடுக்கட்டும் என்று பொருளாதார அறிஞர் மில்டன் ஃபிரீட்மன் கட்டுரை எழுதியது 1955-இல். அவர் நோக்கம் பிரிவினை அல்ல. ஆனால் வவுச்சர் பற்றிப் பேசும் எவரும் பிரின்ஸ் எட்வர்டைத் தாண்டிக் குதித்துப் பேசக் கூடாது. அங்கே தேர்ந்தெடுக்கும் உரிமை யாருக்கு இருந்தது, யாருக்கு இல்லாமல் போனது என்பதைச் சொல்லிவிட்டுப் பேசட்டும்.

2020-இல் வாஷிங்டன் நாடாளுமன்றக் கட்டடத்திலிருந்து, உள்நாட்டுப் போரில் அடிமைமுறை மாநிலங்களின் படையை நடத்திய ஜெனரல் ராபர்ட் லீயின் சிலையை வர்ஜீனியா எடுத்தது. அந்த இடத்துக்கு மாநிலம் தேர்ந்தெடுத்தது பார்பரா ஜான்ஸை.

*

டெக்சஸின் சான் ஆன்டோனியோ. ஒரே நகரம், இரண்டு பள்ளி மாவட்டங்கள். 1967–68 கணக்கு, உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே இருக்கிறது.

எட்ஜ்வுட்: மெக்சிகோ வம்சாவளியினர் பகுதி. 100 டாலர் சொத்துக்கு 1.05 டாலர் வரி. அதில் ஒரு பிள்ளைக்குத் திரண்டது 26 டாலர். அலமோ ஹைட்ஸ்: வசதியான பகுதி. வரி 85 சென்ட்தான். ஒரு பிள்ளைக்கு 333 டாலர். மாநில, மத்திய அரசுகளின் பணத்தையும் சேர்த்தால் எட்ஜ்வுட்டில் 356, அலமோ ஹைட்ஸில் 594.

ஏழைகள் அதிக விகிதத்தில் வரி கட்டினார்கள் என்பதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். படிப்பில் அக்கறை இல்லாத பெற்றோர் என்ற பழியை இந்த ஒரு கணக்கே துடைத்துவிடுகிறது.

1968-இல் எட்ஜ்வுட் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் வெளிநடப்புச் செய்தார்கள். விமானப்படைத் தளத்தில் உலோகத் தகட்டு வேலை பார்த்த டெமெட்ரியோ ரோட்ரிகஸும் வேறு சில பெற்றோரும் வழக்குப் போட்டார்கள். கீழ்நீதிமன்றத்தில் வென்றார்கள். 1973 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தில் 5–4 என்று தோற்றார்கள். கல்வி, அரசியல் சட்டம் உறுதிசெய்த அடிப்படை உரிமை அல்ல என்றது பெரும்பான்மைத் தீர்ப்பு. பிரவுன் வழக்கை வாதாடி வென்ற தர்குட் மார்ஷல் இப்போது நீதிபதியாக அமர்ந்து நீண்ட மறுப்புத் தீர்ப்பு எழுதினார். அடுத்த ஆண்டே டெட்ராய்ட் வழக்கு: நகரப் பள்ளிகளின் பிரிவினையைச் சரிசெய்யப் புறநகர் மாவட்டங்களைச் சேர்க்க முடியாது என்று அதே 5–4. மார்ஷல் மறுபடியும் மறுப்பு. இந்த இரண்டு தீர்ப்புகளும் வந்தபின் மாவட்ட எல்லைக்கோட்டுக்கு மதில்சுவரின் பலம் வந்துவிட்டது.

*

1983, மத்திய அரசுக் குழு ஒன்றின் 'ஆபத்தில் ஒரு நாடு' அறிக்கை. ஜப்பானியர் கார் நன்றாகச் செய்கிறார்கள், கொரியர் எஃகாலை கட்டுகிறார்கள், ஆகவே நம் பள்ளிகள் சரியில்லை. மானின் ஐந்தாவது அறிக்கை, பயத்தின் குரலில். எட்ஜ்வுட்டின் 26 டாலரைப் போன்ற கணக்குக்கு அதில் இடமில்லை.

2002 ஜனவரியில் 'எந்தக் குழந்தையும் பின்தங்கக் கூடாது' சட்டம். மூன்றாம் வகுப்பு முதல் எட்டு வரை ஆண்டுதோறும் தேர்வு. 2014-க்குள் நாட்டின் எல்லாப் பிள்ளைகளும் தேர்ச்சி நிலையை எட்ட வேண்டும். ஏழை, கறுப்பின, ஊனமுற்ற பிள்ளைகளின் மதிப்பெண்களைத் தனியே வெளியிட வேண்டும் என்றது அதில் உண்மையான நன்மை; யாரையும் சராசரிக்குள் ஒளித்துவைக்க முடியாமல் போனது. ஆனால் எட்டாத பள்ளிக்குக் கிடைத்தது தண்டனை. அட்லாண்டாவில் 2011-இல் வெளியான மாநில விசாரணை அறிக்கை 44 பள்ளிகளில் 178 ஆசிரியர்களையும் தலைமையாசிரியர்களையும் குறிப்பிட்டது. விடைத்தாள்களில் தவறான விடைகளை அழித்துத் திருத்தியிருந்தார்கள். அவர்களைத் திட்டுவது சுலபம். அழித்த விடைக்குரிய பிள்ளைக்கு, நீ நன்றாகப் படிக்கிறாய் என்று பொய் சொல்லி, வரவேண்டிய உதவியையும் நிறுத்திவிட்டார்கள் என்பதுதான் இதில் பெரிய கொடுமை.

டயேன் ராவிச் கல்வி வரலாற்றாசிரியர். மூத்த புஷ் ஆட்சியில் கல்வித்துறை துணைச் செயலாளர்களில் ஒருவர். தேர்வும் சந்தைப் போட்டியும் பள்ளிகளைத் திருத்தும் என்று வாதிட்டவர், 2010-இல் நான் நம்பியது பலிக்கவில்லை என்று புத்தகமே எழுதினார். வயது எழுபதைத் தொட்டபின் தன் நிலைப்பாட்டைப் பொதுவெளியில் மாற்றிக்கொள்ளும் அறிஞர்கள் அரிது. மரியாதை.

*

கொஞ்சம் பின்னால் போகிறேன். 1957, தென் கரோலினாவின் ஜான்ஸ் தீவு. கறுப்பினத்தவர் வாக்காளராகப் பதிய எழுத்தறிவுத் தேர்வு தடையாக இருந்தது. செப்டிமா கிளார்க் ஆசிரியை. கறுப்பின உரிமைச் சங்கத்தில் உறுப்பினராக இருந்ததால் வேலையை இழந்தவர். ஒரு கடையின் பின்னறையில் வயது வந்தோருக்கு வகுப்பு தொடங்க ஏற்பாடு செய்தார். பாடம் சொன்னவர் பெர்னிஸ் ராபின்சன், அழகுநிலையம் நடத்தியவர். ஆசிரியப் பயிற்சி இல்லாதவர். என்ன கற்க ஆசை என்று முதல் நாளே கேட்டார். மணியார்டர் நிரப்ப, பேர் எழுத, வேதம் படிக்க, வாக்களிக்க என்றார்கள். அவையே பாடத்திட்டமாயின. டூவி சொன்னது எங்கே நடந்தது என்று கேட்டால் நான் இந்தப் பின்னறையைக் காட்டுவேன்.

*

உச்ச நீதிமன்றத்தில் ரோட்ரிகஸ் தோற்றபின் பள்ளி நிதி வழக்குகள் மாநில நீதிமன்றங்களுக்கு நகர்ந்தன. 1989-இல் டெக்சஸ் உச்ச நீதிமன்றம் எட்ஜ்வுட் பக்கம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. கென்டக்கியிலும் அதே ஆண்டு அப்படியொரு தீர்ப்பு.

பென்சில்வேனியாவின் பள்ளி நிதி வழக்கு 2014-இல் தொடங்கியது. விசாரணை நடந்தபோது, கிராமப்புறப் பள்ளி மாவட்டம் ஒன்றின் கண்காணிப்பாளரைச் சட்டமன்றத் தலைவர் ஒருவரின் வழக்கறிஞர் குறுக்கு விசாரணை செய்தார். தச்சனாகப் போகிறவனுக்கு உயிரியல் எதற்கு, மெக்டொனால்ட்ஸில் வேலை செய்யப் போகிறவனுக்கு இயற்கணிதம் எதற்கு என்று கேட்டார். இல்லினாய் மசோதா தோற்று நூறாண்டு கழித்து அதே கேள்வி நீதிமன்றத்தில். மானின் ஐந்தாவது அறிக்கையை மட்டும் படித்தவர் அதை நியாயமான கேள்வி என்றே நினைப்பார்.

2023 பிப்ரவரியில் நீதிபதி ரெனே கோன் ஜூபலிரர் 786 பக்கத் தீர்ப்பு எழுதினார். உள்ளூர்ச் சொத்து மதிப்பை நம்பி நிற்கும் பள்ளி நிதிமுறை மாநில அரசியல் சட்டத்துக்கு முரணானது; ஒவ்வொரு மாணவருக்கும் அர்த்தமுள்ள கல்வி கிடைத்தாக வேண்டும் என்றார். பணத்தை எப்படித் திரட்டிப் பங்கிடுவது என்பதைச் சட்டமன்றத்திடமே விட்டார்.